ஸ்பெயினுக்குப் போன வாதாம் இலைகள்

தூத்துக்குடி மாப்பிள்ளையூரணியில் ஜெபசுதாவின் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. மாடிப்படி, வராந்தா, ஹால் பெஞ்சு என்று எங்கு பார்த்தாலும் பழைய சேலையை விரித்து, அதன்மேல் செக்கச்செவேலென்று இலைகளைப் பரப்பி வைத்திருப்பாள். ஒவ்வொன்றும் உள்ளங்கையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். அவள் கணவர் டிக்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்தால் காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுப்படிவரை போவார். ஆனாலும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா அம்மா இருவருமே ஆசிரியர்கள். தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். தனியார் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் உயிரியல் எடுத்தாள். கொரோனாவில் அந்தப் பள்ளியை மூடியவர்கள் பிறகு திறக்கவே இல்லை. வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுக்காரியை யாரும் வா என்று கூப்பிடவில்லை. வீட்டில் சும்மா இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் அடுத்த இரண்டு வருஷமும் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள்.

இலை அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு மீனால். மகள் ஜெப்ஸி சென்னைக்குப் படிக்கப் போகும்போது ஆசையாக வளர்த்த சண்டை மீனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒரு மாதத்தில் அதன் துடுப்பு நைந்து போயிற்று. பதறிப்போய் ஆன்டனியின் அலங்கார மீன் கடைக்கு ஓடினாள். ஆன்டனி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார்.

"இது கட்டப்பா இலை, அக்கா. தாய்லாந்துல இருந்து வருது. ஒண்ண தண்ணியில போடுங்க. தண்ணி டீ நெறத்துக்கு வரும், மீன் தெளிஞ்சிரும்."

உறையைத் திருப்பிப் பார்த்த ஜெபசுதா கடையென்றும் பாராமல் சிரித்துவிட்டாள்.

"ஏ ஆன்டனி, இது நம்ம வாதாம் இலைல்லா! எங்க தெருக்கோடியில தெனமும் கூட்டித் தீ வைக்காங்களே!"

தெருக்கோடியில் ஒரு பழைய பள்ளிக்கூட வளாகம் இருந்தது. அங்கே ஆறு மரங்கள், குடைக்குமேல் குடை வைத்தாற்போல அடுக்கடுக்காகக் கிளை பரப்பி நின்றன. வருஷத்தில் இரண்டு முறை இலை முழுதும் சிவந்து கொட்டும். அதைக் கூட்டுகிறவள் செண்பகம். மறுநாள் விடியக்காலையில் ஜெபசுதா சாக்கோடு போய் நின்றபோது செண்பகம் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன டீச்சர், குப்பைய அள்ள வந்திருக்கிய?"

"குப்பை இல்ல செண்பகம். ஓட்டை இல்லாத இலையாப் பாத்துப் பொறுக்கு. நீயும் நானும் சேந்து ஒரு யாவாரம் செய்வோம்."

அப்படித்தான் தொடங்கிற்று. கழுவி, நிழலில் உலர்த்தி, நீவி, ஐம்பது ஐம்பதாகக் கட்டினார்கள். முதலில் ஆன்டனி வாங்கினார். அப்புறம் மதுரை, சென்னை, கொச்சி. மூன்றாம் வருஷம் ஸ்பெயினில் மீன் கடை நடத்தும் ஒரு அம்மாள் எழுதிக் கேட்டாள். நாற்பது பெட்டி வேண்டுமாம், அதுவும் கப்பலில். அன்றைக்கு டிக்சன் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

வெளிநாட்டுக்கு இலை போவதென்றால் அதில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் சுங்கத் தாள்களையும் பார்த்துக்கொண்டவன் மெல்வின். ஏற்றுமதி ஏஜென்சியில் வேலை, முப்பது வயது, சுறுசுறுப்பானவன். என்ன பொருள் என்று கேட்டான். வாதாம் இலை என்றாள் ஜெபசுதா. அவன் எழுதிக்கொண்டான்.

புதன்கிழமை ஆய்வு. அதிகாரி கிருபாநிதி ஒரு பெட்டியைத் திறந்து இலையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி இலையைப் பார்த்தார்.

"மேடம், உங்க பாதாம் தோட்டம் எங்க இருக்கு?"

"தோட்டமா? ஸ்கூல் காம்பவுண்டுல நிக்க மரம் சார்."

"இதுல 'புரூனஸ் டல்சிஸ்'னு போட்டிருக்கே. அது நிஜப் பாதாம். காஷ்மீர்ல வளரும், தூத்துக்குடியில எப்படி வளரும்? ஸ்பெயின்ல பாதாம் பெரிய விவசாயம். அந்த மரத்து இலை வெளியில இருந்து வருதுன்னா நோய் வந்துருமோன்னு பயப்படுவாங்க. இந்தத் தாளோட இது போனா அங்க இறக்கவே விடமாட்டாங்க."

ஜெபசுதா திரும்பி மெல்வினைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, வாதாம்னா பாதாம், பாதாம்னா ஆல்மண்டு. ஆல்மண்டுக்கு என்ன பேருன்னு நெட்டுல பாத்துப் போட்டேன். அது தப்பாக்கா?"

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் படித்தவள் தானே ஒரு தடவை அந்தத் தாளை வாங்கிப் படித்திருக்க வேண்டாமா என்றுதான் தோன்றியது.

"சார், இது டெர்மினாலியா கட்டப்பா. வேற குடும்பம்."

"எனக்கும் அப்படித்தான் படுது. ஆனா பேரை அடிச்சு வேற பேர் எழுதுறதுன்னா நான் ஃபைல்ல காரணம் காட்டணும். பூவும் காயும் உள்ள கிளை ஒண்ணு கொண்டாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட கன்டெய்னரை மூடிருவாங்க."

பூவுக்கும் காய்க்கும் எங்கே போவது? பள்ளிக்கூட மரங்களில் மின்கம்பி உரசுகிறதென்று போன வாரம்தான் கிளைகளை வெட்டித் தள்ளியிருந்தார்கள். மிச்சம் நின்றவற்றில் புதுத் தளிர் மட்டும்தான். செண்பகம்தான் வழி சொன்னாள்.

"எங்க மைனி வேம்பார்லதான டீச்சர் இருக்கா. அவ வீட்டுக்குப் பின்னால கடலோரத்துல ஒரு மரம் நிக்கி. எப்பப் போனாலும் காய் கெடக்கும்."

வியாழக்கிழமை காலை இருவரும் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறினார்கள். உப்பளங்கள் தாண்டி, வெயில் ஏற ஏற வேம்பார் வந்தது. செண்பகத்தின் அண்ணி அருணாசலவடிவு மோர் கொடுத்துவிட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அலை வந்து தொடுகிற தூரத்தில், மணலில், மரம் பச்சைப் பந்தலாக நின்றது. இலைக்கொத்துகளுக்கு நடுவே வெண்ணிறப் பூச்சரங்கள். சரத்தின் அடியில் பச்சைக் காய்கள்.

"யாரு வச்ச மரம் இது?" என்று ஜெபசுதா கேட்டாள்.

"யாரும் வைக்கலம்மா. நான் வாக்கப்பட்டு வந்தப்போ முழங்கா உசரந்தான் இருந்துச்சி. கடல் கொண்டாந்து போட்ட கொட்டையா இருக்கும்."

கீழே கிடந்த பழைய காய் ஒன்றைக் கையில் எடுத்தாள் ஜெபசுதா. தோலும் சதையும் போய் நார் மட்டும் மிச்சம், தக்கையைப் போலக் கனமே இல்லை. கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. இந்த நார்க்கூட்டுக்குள் விதையை வைத்துக்கொண்டுதான் மரம் கடலில் மிதந்து தீவு தீவாகப் போனது. மலேயா, ஜாவா, பசிபிக் தீவுகள், அந்தமான், இலங்கை. உப்புக்காற்றும் மணலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மலாய்க்காரர்கள் 'கெத்தாப்பாங்' என்றார்கள், அதுவே கட்டப்பா ஆயிற்று. பாரசீகத்திலிருந்து பாதாம் பருப்பு வந்து இறங்கிய ஊர்களிலெல்லாம், பருப்பு அதே சாயலில் இருக்கிறதே என்று இதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். மெல்வின் ஒருவன் மட்டும் செய்த தவறில்லை இது, ஊரே பல நூறு வருஷமாகச் செய்துவருவதுதான். அதை நினைத்ததும் முந்தின நாளிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அருணாசலவடிவு வற்புறுத்தியதால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய கிளையோடு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கிருபாநிதியின் மேஜையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தாள். கிளையை வைத்தாள். பையிலிருந்து இரவே ஊறவைத்த கடைப் பாதாம் பருப்பையும், வீட்டிலேயே உடைத்துக் கொண்டுவந்த கட்டப்பாக் காயின் பருப்பையும் எடுத்து வைத்தாள். பன்னிரண்டு வருஷம் வகுப்பெடுத்த குரல் தானாகவே வந்துவிட்டது.

"மொதல்ல இலையப் பாருங்க சார். எல்லாம் கிளை நுனியில கொத்தாக் கூடி நிக்கி. லத்தீன்ல டெர்மினஸ்னா நுனி, அதனாலதான் டெர்மினாலியான்னு பேரு. நம்ம கடுக்காய், தான்றி, மருத மரம் எல்லாம் இந்த வகைதான். பாதாம் ரோஜாக் குடும்பம், அதுக்குச் சொந்தக்காரி பீச்சுப் பழம். குளிர் இல்லேன்னா ஒழுங்காக் காய்க்காது."

"சரி. ஆனா பெட்டிக்குள்ள இருக்கது காய்ஞ்ச இலை. அது இதுதான்னு எப்படி எழுதுறது?"

"பெட்டியில இருந்து ஒண்ண நீங்களே எடுங்க. பின்பக்கம் காம்பு சேர்ற இடத்துல, நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் பாருங்க."

கிருபாநிதி லென்ஸை எடுத்துப் பார்த்தார். நரம்பின் இருபுறமும் ஒவ்வொரு சிறு சுரப்பி, குண்டூசித் தலையளவில் இருந்தது. பச்சைக் கிளையின் இலையிலும் அதே இடத்தில் அதே இரண்டு.

"இப்ப பருப்பு," என்றாள் ஜெபசுதா. ஊறிய பாதாமை விரலால் நெரித்தாள். அது இரண்டு தட்டையான பாதிகளாகப் பிரிந்தது. கட்டப்பாப் பருப்பை எடுத்து நகத்தால் மெல்ல விலக்கினாள். அது பாதியாகப் பிரியவில்லை. சுருட்டி வைத்த பாயை விரிக்கிறமாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருந்த மெல்லிய வித்திலைகள் சுருள் அவிழ்ந்து வந்தன.

மெல்வின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். கிருபாநிதி அந்தச் சுருளை விரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாயில் போட்டு மென்றார்.

"சின்னதுல எவ்வளவோ தின்னுருக்கேன். ஒருநாளும் பிரிச்சிப் பாத்ததில்ல," என்று சிரித்தார். "நீங்க எந்தக் காலேஜ்ல மேடம் வேலை பாக்கிய?"

"எங்கயும் இல்ல சார். இலை பொறுக்குதேன்."

திருத்திய தாள்கள் கையெழுத்தாகி வர மூன்று மணி ஆகிவிட்டது. அந்தக் கன்டெய்னரை மத்தியானமே மூடிவிட்டார்கள். இலைகள் அடுத்த வாரக் கப்பலில்தான் போயின. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பெயர்க் குழப்பத்தையும் விவரமாக எழுதினாள் ஜெபசுதா. பதில் அன்றே வந்தது. மீன்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தாள் அந்த ஸ்பெயின் அம்மாள். தங்கள் மொழியில் இந்த மரத்துக்கு 'மலபார் பாதாம்' என்று பெயராம்.

படித்துக் காட்டியபோது செண்பகம் இலை நீவுவதை நிறுத்தினாள்.

"மலபார் எங்கன இருக்கு, நம்ம ஊரு எங்கன இருக்கு! தூத்துக்குடிப் பாதாம்னு எழுதச் சொல்லுங்க டீச்சர்."

ஆனால் கட்டப்பாவோடு விஷயம் நிற்கவில்லை. அடுத்த மாதமே மெல்வினிடமிருந்து போன் வந்தது. வேறொருவர் ஆவாரை இலை அனுப்புகிறார், தாளில் எழுதியிருக்கும் பெயர் சரிதானா என்று. சரியில்லை. நிலாவரையின் பெயரைப் போட்டிருந்தான். அடுத்து முருங்கை, அடுத்து நன்னாரி. ஏஜென்சி முதலாளியே வீட்டுக்கு வந்து, வாரம் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வந்து தாள்களைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். பெஞ்சில் இலை இருந்ததால் நின்றுகொண்டேதான் கேட்டார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் ஜெபசுதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு துறைமுகச் சாலைக்குப் போகிறாள். அந்த நாட்களில் வீட்டில் இலை பார்க்கிறவள் செண்பகம். போன வெள்ளிக்கிழமை மெல்வின் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, ஏதோ கருவேல நெத்துங்காங்க. எந்தப் பேரையும் நான் போடல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"கொட்டுலே மேசையில," என்றாள் ஜெபசுதா, லென்ஸை எடுத்தபடி.