பசைக்காரம்மா திருப்பிக் கேட்ட மூட்டைகள்

கடைத்தெருவில் அவளைப் பசைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஒருவகை அவரை விதையை அரைத்த வெள்ளைப் பசைத் தூளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்றாள். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்கவும், சாஸ் தண்ணீராக ஓடாமல் நிற்கவும் அந்தத் தூள் கொஞ்சம் சேர்த்தால் போதும். "பேர்ல மட்டுந்தாங்க பசை, பையில ஒண்ணும் இல்லை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கப்பல் சரக்குகளை விடுவிக்கும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து கற்றுக்கொண்ட தொழில். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த தம்பியைக் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. கப்பல் வராமல் போய்விட்டால்? அதற்காகவே குடோனின் பின்பக்கம் எப்போதும் உபரி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். தம்பி கேலி செய்வான்: "ஊர்ல பஞ்சம் வந்தாக்கூட நமக்குக் கவலையில்லைக்கா. பசையைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்கலாம்."

ஒரு முறை துறைமுக வேலைநிறுத்தத்தில் எல்லோரிடமும் சரக்கு தீர்ந்தது. அவள் மட்டும் பழைய விலைக்கே கொடுத்தாள். ஐஸ்கிரீம் கம்பெனி முதலாளி நேரில் வந்து, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா, தங்கச்சி" என்றார். அன்று முதல் அவருக்கு அவள் தங்கச்சிதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் தூள் வாங்கும் ஆலையின் சரக்கை வேறொரு நாட்டில் திருப்பியனுப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. தூளில் கிருமி சாக ஒரு வாயுவை அடிப்பார்களாம். அதன் மிச்சம் அளவுக்கு மேல் தூளிலேயே தங்கியிருக்கிறது. நாள்பட உடம்பைக் கெடுக்கும். இங்கேயும் அதற்கு வரம்பு இருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்ததே ஒழிய, யாரும் சோதித்ததில்லை. அவள் தானாகவே ஒரு தனியார் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினாள்.

ஆய்வகத்துப் பெண் போனில் தயங்கித் தயங்கிப் பேசினாள். "அளவு தாண்டியிருக்கு மேடம். கொஞ்சநஞ்சமில்லை."

தம்பியிடம் சொன்னபோது அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"எல்லாரும் அதே ஆலையிலதானே வாங்குறாங்க? ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? நீ மட்டும் ஏன் துள்ளுறே?"

"குழந்தைங்க சாப்பிடுற சாமான்டா. நாளைக்கு ஒண்ணுன்னா எதனால வந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருக்கும் தெரியாது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அவளே கூப்பிட்டு, மிச்சமிருக்கும் மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த அதிகாரி அவளைவிட வயதில் சின்னவர், மரியாதையானவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றார். அடுத்த வாரம் ஆட்களோடு வந்து குடோனுக்குச் சீல் வைத்தார். உரிமத்தையும் நிறுத்திவைத்தார்.

"அதே சரக்கை வித்த மத்தவங்க?" என்று கேட்டாள்.

"அவங்க யாரும் ஒத்துக்கலையே மேடம்."

"போய்ச் சோதிச்சுப் பாருங்க."

"அந்தச் சோதனைக்கு எங்க லேப்ல கருவி இல்லை மேடம். உங்க விஷயத்துல நீங்களே ரிப்போர்ட் கொடுத்துட்டீங்க."

கப்பல் வராத காலத்துக்காகச் சேர்த்துவைத்த மூட்டைகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. அவற்றை அவள் செலவிலேயே எரிக்க வேண்டும் என்றார்கள். செய்தித்தாளில் வந்தது அவள் கம்பெனியின் பெயர் ஒன்றுதான். மற்ற வியாபாரிகள் அந்தச் செய்தியை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அவளுடைய வாடிக்கையாளர்களிடம் காட்டி ஆர்டர் பிடித்தார்கள்.

அவள் தூளைப் போட்டதாகச் சொல்லி ஊரில் ஐஸ்கிரீம் கம்பெனியையும் சந்தேகமாகப் பேசினார்கள். முதலாளி அவளை நிற்கவைத்தே பேசினார். "நல்ல பேர் வாங்கணும்னா உங்க வீட்டோட வாங்கியிருக்கலாமே மேடம். என் பிழைப்பை ஏன் சந்திக்கு இழுத்தீங்க?" தங்கச்சி, மேடமாகிவிட்டாள்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. வாயு அடிக்காமல் நீராவியில் கிருமி நீக்கும் ஓர் ஆலையை அவள் அந்தச் செய்தி வந்ததிலிருந்தே தேடி, பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்திருந்தாள். உரிமம் திரும்பக் கிடைத்ததும் அங்கிருந்து வரவழைக்கலாம் என்றிருந்தாள். ஒருநாள் அந்த ஆலையின் விற்பனைப் பெண் போன் செய்து வாழ்த்துச் சொன்னாள். உங்கள் தம்பியின் முதல் கன்டெய்னர் கப்பலேறிவிட்டது என்றாள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. மனைவி பெயரில் உரிமம் எடுத்திருந்தான்.

"உன்னால இப்ப செய்ய முடியாது. யாராவது ஒருத்தர் செய்யத்தானேக்கா வேணும்? வெளியாள் கொண்டுபோறதுக்கு நான் செஞ்சா என்ன?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அம்மா அவனோடுதான் இருந்தாள். துணி மடித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு. நீ ஒண்டிக்கட்டை. எப்படியும் பிழைச்சுக்குவே."

அவளுக்கு அழுகை வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

உரிமம் திரும்பி வரவே இல்லை. விண்ணப்பம் மேசை மேசையாக நகர்ந்து, கடைசியில் எந்த மேசையில் இருக்கிறதென்று சொல்லக்கூட ஆளில்லாமல் போனது. இருந்த சேமிப்பெல்லாம் மூட்டைகளை எரிக்கவே கரைந்தது.

ஐஸ்கிரீம் முதலாளியிடமிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. அதிகாரிகள் எங்கெங்கோ சோதனை போடத் தொடங்கியிருந்தார்கள். "வர்றவங்களுக்குப் பதில் சொல்ல விவரம் தெரிஞ்ச ஆள் வேணும். வர்றீங்களா?" மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வீட்டு வாடகை பாக்கி நின்றது, போனாள்.

வெள்ளை அங்கியும் தலையுறையும் போட்டுக்கொண்டு, வருகிற சரக்கைச் சரிபார்த்து உள்ளே அனுப்புவதுதான் வேலை. தம்பியின் லாரி முதன்முதலாக வந்தபோது, மூட்டைகளை வாசலிலேயே நிறுத்திவைத்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். சுத்தம் என்று முடிவு வந்தது. வேறு மூட்டைகளைப் பிரிக்கச் சொல்லி மறுபடியும் அனுப்பினாள். எதற்காக அனுப்புகிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு குறையாவது அகப்படாதா என்ற ஆசைதான். மறுபடியும் சுத்தம். அவள் தேடிப்பிடித்த ஆலை ஆயிற்றே, எப்படிக் குறை இருக்கும்?

கையெழுத்து வாங்கத் தம்பியே வந்திருந்தான். நல்ல சட்டை, புது மூக்குக்கண்ணாடி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரக்கு எப்படிக்கா?" என்றான்.

"நல்லா இருக்கு."

"நீ பார்த்துவச்ச ஆலையாச்சே, சும்மாவா?"

அவன் குரலில் நிஜமாகவே பெருமை இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"மூட்டையைத் தரையில இறக்க வேணாம், ஈரம் ஏறிடும். பலகை மேல அடுக்கச் சொல்லு" என்றாள்.

அவன் திரும்பி ஆட்களிடம் அதையே சத்தமாகச் சொன்னான். அவள் அடுத்த லாரியின் சீட்டைக் கையில் எடுத்தாள்.