கலைவாணிக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

நான் பொய்ச்சாட்சி சொன்னவள்.

நகரசபைக் கூட்டத்தில், மைக்கின் முன்னால் நின்று, அத்தனை பேர் பார்க்க, திருத்தமான ஆங்கிலத்தில் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருத்தியின் பிழைப்பு போயிற்று. அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று அழைத்தவள்.

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் சூழ்நிலையை விளக்கி, உங்கள் மனத்தைக் கொஞ்சம் இளக்கி, அதன் பிறகு மெல்ல... சீச்சீ! அப்படிச் செய்தால் அதுவும் இன்னொரு பொய்தான்.

அவள் பெயர் கலைவாணி. மதுரைக்காரி. நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்புறம் உள்ள பிளாசாவில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே, ஒரு சிறிய உணவகம் நடத்தினாள். கணினி வேலை பறிபோனபோது முடங்கிக் கிடக்காமல், இருந்ததையெல்லாம் போட்டு அடுப்பைப் பற்றவைத்தவள். நான் காய்ச்சலில் கிடந்தால் சொல்லாமலே அவள் கடையிலிருந்து ரசம் வந்து சேரும். சரியான வாயாடி, அவள் இருக்கும் இடத்தில் யாரும் உம்மென்று உட்கார்ந்திருக்க முடியாது.

பகல் வியாபாரத்தை மட்டும் வைத்து அவளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மன்ஹாட்டனிலிருந்து கடைசி ரயில்களில் வந்து இறங்குபவர்களுக்குச் சூடாக ஒரு தோசை, வேண்டுமென்றால் ஒரு பீர், வார இறுதிகளில் சிறிய மேடையில் பாட்டு... இப்படி ஓர் இடமாக அதை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பினாள். எங்கள் மாநிலத்தில் மது உரிமம் நினைத்தவுடன் கிடைக்காது. ஊருக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு. மூடிப்போன ஒரு பழைய பாரின் உரிமத்தைப் பேசி முடித்திருந்தாள். அதை அவள் பெயருக்கு மாற்றித் தரவும், இரவு நேரப் பாட்டுக்கு அனுமதி தரவும் நகரசபை சம்மதிக்க வேண்டும்.

அதுவரை அவள் மது விற்றதில்லை. உரிமம் இல்லாத உணவகத்துக்கு வாடிக்கையாளர்கள் தங்கள் பாட்டிலைத் தாங்களே கொண்டுவரலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். சனிக்கிழமைகளில் சிலர் ஒயின் பாட்டிலோடு அவள் கடைக்கு வருவார்கள். இதை மறந்துவிடாதீர்கள், என் பொய் இதன் மேல்தான் நின்றது.

அவள் விண்ணப்பித்த செய்தி பரவியதும் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு வந்த கோபம் இருக்கிறதே! வாட்ஸப் குழு கொதித்தது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், வீட்டு விலை விழுந்துவிடும், நம் பண்பாடு என்ன ஆவது... மதுவின் வாசனையே அறியாதவர்கள் போல ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் யாரும் குடிப்பதில்லை. பேஸ்மென்ட்டில் குடிப்பார்கள்! பிறந்தநாளோ புதுமனைப் புகுவிழாவோ, மேலே பெண்கள் பட்டுப்புடவையில் பாயசம் பரிமாறிக்கொண்டிருக்க, ஆண்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்குவார்கள். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். விருந்து முடிந்ததும் அவரவர் காரை அவரவரே ஓட்டிக்கொண்டு போவார்கள்; மனைவிமார் பக்கத்தில் அமர்ந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

என் வீடும் அப்படித்தான். என் மகன் பள்ளிப் படிப்பை முடித்ததற்காக ஒரு விருந்து வைத்தோம். கலைவாணி தன் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்து, கடைசிவரை எனக்கு ஒத்தாசையாக நின்றாள். எல்லோரும் கலைந்த பிறகு, நிற்கவே தடுமாறிய ஒரு நண்பரை வீட்டில் விட்டுவருகிறேன் என்று என் கணவர் ரகு கிளம்பினார். ரகுவும் குடித்திருந்தார். எனக்குத் தெரியும். கார் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு டோரத்தி தபாலுக்காகத் தெருவோரக் கம்பத்தில் வைத்திருந்த மெயில்பாக்ஸை இடித்துச் சாய்த்துவிட்டு, எங்கள் கராஜுக்குள் வந்து நின்றார். காரின் முன்விளக்கு நொறுங்கியிருந்தது. டோரத்தி தனியாக வாழும் வயதான அமெரிக்கப் பெண்மணி, அந்நேரம் உறங்கிக்கொண்டிருந்தார். நானும் கலைவாணியும் தெருவில் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினோம்.

"விடிஞ்சதும் அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்கக்கா. மெயில்பாக்ஸ்தானே, புதுசா வச்சுக் குடுத்துட்டாப் போச்சு," என்றாள் கலைவாணி.

சரி என்றேன்.

விடிந்தது. டோரத்தி சாய்ந்த கம்பத்தின் பக்கத்தில் திகைத்து நின்றார். யாராவது பார்த்தீர்களா என்று எங்களைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரகு முந்திக்கொண்டு, பிளாசா உணவகத்துக்குப் பாட்டிலோடு வருபவர்கள் யாராவது இடித்திருப்பார்கள், என் மனைவிகூடப் பார்த்தாள் என்றார். டோரத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வெறும் தலையாட்டல்தானே என்று அப்போது தோன்றியது.

அன்று மாலையே ரகு ஒரு புது மெயில்பாக்ஸ் வாங்கிவந்து, குழி தோண்டி நட்டுக் கொடுத்தார். இப்படியும் அண்டை வீட்டார் உண்டா என்று நெகிழ்ந்துபோன டோரத்தி, வாழைப்பழ ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். அதையும் தின்றோம்! டோரத்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று கலைவாணியிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். அவள் நிம்மதியாகச் சிரித்தாள்.

பிறகுதான் அந்த உரிமப் பேச்சு வந்தது. கலைவாணி என் வீட்டுக்கு வந்தாள்.

"நம்ம ஆளுங்கதான்க்கா ரொம்ப எதிர்க்கிறாங்க. நீங்க தமிழ் ஸ்கூல் நடத்துறவங்க, உங்க பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கு. கவுன்சில் மீட்டிங்ல எந்திரிச்சு எனக்கு சப்போர்ட் பண்ணி ஒரு வார்த்தை பேசுங்க. அது போதும்," என்றாள்.

மனமாரச் சம்மதித்தேன். நம்புங்கள், நான் அவளுக்காகப் பேசத்தான் போனேன். கண்ணாடியின் முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கூட்டத்தன்று நானும் ரகுவும் போனபோது அரங்கு நிறைந்திருந்தது. பாதிப்பேர் எங்கள் ஆட்கள். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார்கள்; நான் அவர்கள் பக்கம் பேச வந்திருப்பதாகவே நினைத்தார்கள். கலைவாணி முன்வரிசையில் தன் வழக்கறிஞரோடு அமர்ந்திருந்தாள்.

என் முறைக்கு முன்னால் டோரத்தி மைக்குக்குப் போனார்!

அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த உணவகத்துக்கு வந்த குடிகாரன் ஒருவன் தன் மெயில்பாக்ஸை இடித்துத் தள்ளியதைச் சொன்னார். ஒருநாள் தன் நாயோடு தெருவில் நிற்கும்போது அப்படி ஒரு கார் வந்தால் என்ன ஆவேன் என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. உறுப்பினர் ஒருவர், அந்த வண்டியைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

டோரத்தி திரும்பி என்னைக் காட்டினார். "இவர் பார்த்தார். என் எதிர்வீட்டுக்காரர். மிகவும் நேர்மையானவர்," என்றார்.

நேர்மையானவர்!

எழுந்து நடந்தேன். கலைவாணி திரும்பிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, நான் டோரத்தியிடம் எதையுமே சொல்லவில்லை என்பது. அப்போதும் அவள் முகத்தில் கோபம் இல்லை. பரவாயில்லை, இப்போது சொல்லிவிடுங்கள் என்பது போல மெல்லத் தலையசைத்தாள். ஐயோ, அந்தத் தலையசைப்பு...

"ஆமாம், பார்த்தேன். அந்தக் கார் பிளாசாவிலிருந்துதான் வந்தது," என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. என்னைப் போன்ற தாய்மார்கள் அச்சத்தோடு வாழ்கிறோம் என்றேன். எங்கள் சமூகத்தின் விழுமியங்களுக்கு இது ஒவ்வாது என்றேன். இதையெல்லாம் சொல்லும்படி யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பின்வரிசைகளில் கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டல் எனக்கு இதமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் என் உடம்பெல்லாம் கூசுகிறது.

இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறீர்களா என்று தலைவர் கலைவாணியைக் கேட்டார். வழக்கறிஞர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும், அவள் கடை தப்பித்திருக்கும்; நாங்கள் அவ்வளவுதான். வாயாடிக் கலைவாணிக்கு ஒரு வாக்கியமா கிடைக்கவில்லை?

"சொல்வதற்கு ஒன்றுமில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வாக்களித்தார்கள். அக்கம்பக்கத்தாரின் அச்சத்தைப் புறக்கணிக்க முடியாது என்று சிலர் வருத்தத்தோடு சொன்னார்கள். இரண்டு அனுமதிகளுமே மறுக்கப்பட்டன. என் பக்கத்து இருக்கையில் ரகு தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே, கார் நிறுத்தத்தில், கலைவாணி என்னிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்!

"ரகு அண்ணனுக்கு இன்னும் கிரீன் கார்டு வரலைல்ல... குடிச்சிட்டு இடிச்சார்னு ரெக்கார்டு ஆயிட்டா வம்புதான். அதான் நான் வாயத் தொறக்கல. விடுங்கக்கா," என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கான சாக்கையும் அவளே தேடிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தச் சாக்கை உங்களிடமும் சொன்னால் நீங்கள் ஓரளவு மன்னித்துவிடுவீர்கள். ஆனால் அது உண்மையல்ல. மைக்கின் முன் நின்றபோது கிரீன் கார்டு என் நினைவிலேயே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஆட்களின் முகங்கள்தான் இருந்தன. தமிழ்ப் பள்ளி டீச்சர் வீட்டுக்காரர் குடித்துவிட்டுக் கார் ஓட்டினாராம் என்று அவர்கள் பேசுவார்களே... அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து அவளை விற்றேன்.

கடை அதன்பின் அதிக நாள் நிற்கவில்லை. இருந்ததையெல்லாம் இழந்து அவர்கள் டெக்சாஸுக்குப் போனார்கள். இப்போது ரிச்சர்ட்சனில், வேறு யாரோ நடத்தும் உணவகத்தின் சமையலறையில் கலைவாணி வேலை பார்க்கிறாள்.

எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. வந்த பிறகு, துணிவை வரவழைத்துக்கொண்டு அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கலை, அன்னைக்கு நான் சொன்னது பொய். என்னை மன்னிச்சிடு," என்றேன். அழுதேன்.

"அது எனக்குத் தெரியும்லக்கா," என்றாள். "டோரத்திகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"கவுன்சில்ல?"

"இல்ல..."

"அப்ப தெரிஞ்ச என்கிட்டயே எதுக்குக்கா மறுபடி சொல்றீங்க?" என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை, அன்பும் இல்லை. "அடுப்புல வேலை இருக்கு. வைக்கிறேன்."

அவள் கேட்டது சரிதானே? மறுநாள் தெருவைக் கடந்துபோய் டோரத்தியின் கதவைத் தட்டினேன். திறந்தவர் என் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே வரச்சொன்னார். சொல்லத்தான் போனேன்... கடைக்குப் போகிறேன், ஏதாவது வாங்கி வரவா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். டோரத்தியால் இதைப் படிக்க முடியாது. அந்த நகரசபை உறுப்பினர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் ஆட்களோ வாட்ஸப்பைத் தாண்டித் தமிழில் எதையும் படிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. கலைவாணி, ரகு, டோரத்தி, எல்லாம் நான் மாற்றி வைத்த பெயர்கள். உங்களிடம் சொல்வதால் எனக்கு எந்தக் கேடும் வராது. அதனால்தான் உங்களிடம் சொன்னேன்.