கைப்பிடிச் சுவரின் சொரசொரப்பு

பிறந்த நாள்: 11 பிப்ரவரி 1963. படிப்பு: பத்தாம் வகுப்பு. பணி: நீர்வளத் துறையில் பகுதிநேர நீர்மட்டப் பதிவாளர். பணியில் சேர்ந்தது 1 மார்ச் 2002, ஓய்வு பெற்றது 28 பிப்ரவரி 2021. இடைப்பட்ட நாட்கள் 6,940. நாளொன்றுக்கு காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்குமாக இரண்டு அளவுகள், மொத்தம் 13,880. எடுத்த விடுப்பு: பதிவேட்டின்படி ஒரு நாளும் இல்லை.

இந்தக் கடைசி விவரமே பின்னர் நீதிமன்றம் வரை போயிற்று.

தெருவில் அவருக்கு ‘சென்டிமீட்டர்’ என்று பெயர். தேநீர்க் கடையில் தம்ளரைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ரெண்டு சென்டிமீட்டர் கம்மி” என்பார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் ஊற்றுவார். ஓடையை ஒட்டிய தெருவில் ஒன்பதாம் எண் வீடு அவருடையது. அங்கிருந்து சிறு பாலம் நூற்று நாற்பது அடி தூரம். பாலத்தின் தூணில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டிய அளவுப் பலகை ஒன்று இருந்தது. அவர் கைப்பிடிச் சுவரின்மேல் குனிந்து நீர் தொட்ட கோட்டைப் பார்ப்பார். பதிவேட்டை அதே சுவரின்மேல் வைத்து, கார்பன் தாளைச் செருகி, பேனாவை அழுத்தி எழுதுவார். மூலப்படி மாதக் கடைசியில் அலுவலகத்துக்குப் போகும். நகல் வீட்டில் தங்கும்.

அலுவலகத்தின் அடித்தளத்தில் ஒருமுறை குழாய் வெடித்தது. நீரைப் பற்றிய மூலப்படிகள் எல்லாம் நீரிலேயே போயின. மிஞ்சியவை அவர் மனைவியின் தையல் மேஜைக்கு அடியில் தகரப் பெட்டியில் கிடந்த பத்தொன்பது நகல் பதிவேடுகள் மட்டும். அந்த அம்மாள் பள்ளிச் சீருடை தைப்பவர். பெட்டியின்மேல் கால் வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததால்தான் அது வீட்டில் தப்பிப் பிழைத்தது என்பது அவருடைய வாக்குமூலம்.

2023 நவம்பரில் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதைக்கு வேலை தொடங்கியது. ஓடை அந்தப் பாதைக்குக் குறுக்கே ஓடியது. எனவே பாலத்தை இடித்து, அங்கிருந்து ஓடையை நிலத்தடிக் குழாயில் விடுவது திட்டம். பாலத்தருகே நீர் 1.60 மீட்டருக்கு மேல் உயர்ந்ததே இல்லை என்ற கணக்கில் குழாயின் அகலம் முடிவு செய்யப்பட்டிருந்தது. பதிவேடுகளோ இருபத்து மூன்று நாட்களில் அதைத் தாண்டியிருப்பதாகச் சொல்லின. அப்படியானால் மிகுந்த நீர் குழாய்க்குள் நுழைய முடியாமல் தெருவுக்குத் திரும்பும். அறுபத்து நான்கு வீட்டார் சேர்ந்து வழக்குப் போட்டனர். 2024 ஜனவரி 8 அன்று, ஏப்ரல் 30 வரை குழாய் வேலைக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. தடைக்கு ஆதாரம் அந்தத் தகரப் பெட்டிதான்.

மார்ச் 12 அன்று அவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி விமான நிலையத் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார்.

“2014 ஜூன் 9-லேருந்து 19 வரைக்கும் நீங்க எழுதினதக் கொஞ்சம் படிங்க.”

அவர் படித்தார். 0.71, 0.70, 0.69.

“தினம் ஒரு சென்டிமீட்டர். ரொம்ப ஒழுக்கமான ஓடை. சரி, இது எங்க வானிலைப் பிரிவோட மழைக் கணக்கு. ஜூன் 14 பகல்ல 96 மில்லிமீட்டர். அன்னிக்குச் சாயந்தரம் உங்க ஓடை எவ்வளவு?”

“0.66.”

“ஊரே நனைஞ்சிருக்கு. ஓடை மட்டும் குடை பிடிச்சுக்கிட்டிருந்துச்சோ?”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரமாகிவிட்டதால் நீதிபதி விசாரணையை மார்ச் 26-க்கு ஒத்திவைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் தெருவாசிகளின் வழக்கறிஞர் அவரை ஓரமாக அழைத்துச் சென்றார். “சார், பத்து வருஷம் முந்தின கதை. ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. இல்லன்னா பலகையில சேறு படிஞ்சிருக்கலாம்னு சொல்லுங்க. ரெண்டும் பொய் ஆகாது.”

“ரெண்டுமே பொய்தாங்க, வக்கீலம்மா. அந்தப் பதினொரு நாளும் நான் பாலத்துக்கே போகல.”

வழக்கறிஞர் கையிலிருந்த கோப்பை மூடினார்.

வீட்டில் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாள் காலர் ஒன்றைப் புரட்டித் தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் நின்றது.

“2014 ஜூன்னா எனக்கு வயித்துல ஆபரேஷன் நடந்த சமயமாச்சே.”

“அதேதான்.”

“நான் ஆஸ்பத்திரியில கிடந்த பதினொரு நாளும் ஓடை எனக்காக அடக்க ஒடுக்கமா வத்துச்சாக்கும்!”

“கட்டத்தக் காலியா விட்டா மெமோ வரும். மாத்து ஆள் கேட்டு மூணு தடவை எழுதினேன், ஒருத்தரும் வரல.”

“அன்னிக்கு மழையில தொப்பலா நனைஞ்சு வார்டு வாசல்ல வந்து நின்னீங்களே. மழை பெஞ்சது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா மாசக் கடைசியிலதான் உட்கார்ந்து எழுதினேன். எட்டாம் தேதி 0.72, இருபதாம் தேதி 0.60. நடுவுல பதினொரு கட்டம், பதினொரு படி. கணக்கு அழகா உட்கார்ந்துச்சு.”

“அழகா உட்கார்ந்ததாம்” என்று சொல்லிக்கொண்டே மனைவி பதிவேட்டை வாங்கினார். துணியின் நல்ல பக்கம் எது, உள்பக்கம் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லக்கூடிய விரல்கள் அவருடையவை. ஜூன் மாதப் பக்கத்தின்மேல் விரலை ஓட்டியவர் நின்றார். மே மாதத்துக்குப் புரட்டினார்; மறுபடி ஜூனுக்கு வந்தார்.

“இந்தப் பதினொரு வரி மட்டும் வழவழன்னு இருக்கு. மத்ததெல்லாம் சொரசொரன்னு இருக்கு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பாலத்தில் எழுதிய வரிகளில் கார்பன் எழுத்து மணல் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. அது கைப்பிடிச் சுவரின் சொரசொரப்பு. அந்தப் பதினொரு வரிகள் மட்டும் உடையாத கோடுகளாக ஓடின.

“இது பாலம் இல்ல. இது என் மேஜை” என்றார் மனைவி.

முதலில் அவருக்குத் தோன்றியது நிம்மதி அல்ல, பயம். மகளின் காய்ச்சல், கணுக்கால் சுளுக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணம், காரணமே இல்லாமல் எழ மனம் வராத காலைகள் எனப் பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முறை மேஜையில் எழுதினோம் என்று அவருக்கே தெரியாது. எண்பதாக இருக்கலாம், எண்ணூறாகவும் இருக்கலாம்.

மறுநாள் மாலை முதல் இருவரும் பத்தொன்பது பதிவேடுகளையும் வரி வரியாகத் தடவிப் பார்த்தனர். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போடும் கவுண்டரில் வேலை பார்க்கும் மகள், பணி முடிந்து வந்ததும் எண்ணிக்கையைக் குறித்தாள்.

“அப்பா, அவங்க பிடிச்சது இருபத்திரண்டு அளவு. மிச்சத்த நாமளே தட்டுல வச்சு நீட்டணுமா?”

“நேர்ல பார்த்தததான் எழுதினேன்னு கூண்டுல சத்தியம் பண்ணியிருக்கேனேம்மா.”

“எங்க மேனேஜர் இன்னிக்குக் கேட்டாரு, அந்த ஓடைக்காரர் உங்கப்பாவான்னு. கூடுதல் எடைக்கு நான் யாரையும் சும்மா விடமாட்டேன்ல, அது எங்கிருந்து வந்ததுன்னு இப்பதான் புரியுதாம்.”

“அப்ப குறிச்சுக்கோ. 2009 ஆகஸ்ட் 3, மாலை. வழவழ.”

பன்னிரண்டு மாலைகள் ஆயின. மேஜையில் எழுதியவை மொத்தம் 83. நீர் 1.60 மீட்டரைத் தாண்டிய இருபத்து மூன்று நாட்களின் வரிகள் அனைத்தும் சொரசொரப்பானவை.

பட்டியலைத் தெருவாசிகளின் வழக்கறிஞர் இருமுறை படித்தார். “இது நல்ல சாட்சியம், சார். மறுக்கல. ஆனா இதக் கொடுத்தா அவங்க நிபுணர் சோதனை கேப்பாங்க. அது முடியறதுக்குள்ள ஏப்ரல் முப்பது வந்துடும், தடை போயிடும். உங்க வீடும் அதே தெருவுலதான் இருக்கு.”

“ஒன்பதாம் நம்பருங்க” என்றார் அவர்.

“தெரியும். அதனாலதான் சொல்றேன்.”

“பத்தொன்பது வருஷமா அந்தத் தண்ணிக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி. இருபத்திரண்டு தப்ப ஒத்துக்கிட்டு அறுபத்தொன்ன மறைச்சா, மிச்சத்த யாரு நம்புவா? நானே நம்பமாட்டேனே.”

மார்ச் 26 அன்று அவர் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வாய் திறக்கும் முன்பே பட்டியலை நீட்டினார். நீதிபதி 2014-ஆம் ஆண்டுப் பதிவேட்டை வாங்கி, யாரும் பார்க்காததுபோல் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு எல்லோரும் பார்க்க இன்னொரு முறை தடவினார்.

“தையல்காரம்மா விரலச் சாட்சியமா ஏத்துக்க முடியாதுங்களே, ஐயா” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார்.

அதனால் ஆவண நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டார். பதிவேடுகளின் நம்பகத்தன்மை உறுதிப்படும் வரை இடைக்காலத் தடையை நீட்டிக்க இயலாது என்றும் அன்றே உத்தரவாயிற்று.

தேநீர்க் கடைக்காரரும் வழக்குப் போட்டவர்களில் ஒருவர், பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரர். அன்று மாலை தம்ளரைப் பலகையில் சத்தம் வர வைத்தார்.

“ஊருக்கெல்லாம் அளந்தீங்க. உங்க நாக்க ஒரு சென்டிமீட்டர் சுருட்டி வச்சிருக்கக் கூடாதா?”

அவர் தேநீரை எடுத்துக் குடித்தார். தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்தவை நீதிமன்றக் கோப்பில் உள்ள வரிசையிலேயே: ஏப்ரல் 30, தடை முடிந்தது. மே 6, நிபுணர் சோதனைக்காகக் கைப்பிடிச் சுவரில் ஓரடி நீளத் துண்டை வெட்டி எடுத்துச் சென்றார். மே 20, பாலம் இடிக்கப்பட்டது. அளவுப் பலகை தூணோடு போயிற்று. ஆகஸ்ட் 2, நிபுணரின் அறிக்கை வந்தது: 83 அளவுகளில் 82 சமமான பரப்பின்மேல் எழுதப்பட்டவை, ஒன்றைப் பற்றி உறுதி கூற இயலாது, எஞ்சிய 13,797 அளவுகளும் சுவர்த் துண்டின் பரப்போடு பொருந்துகின்றன. ஆகஸ்ட் 9, குழாய் வேலை நிறைவடைந்தது. செப்டம்பர் 3, பதிவேடுகளை அந்த 83 அளவுகள் நீங்கலாக நீதிமன்றம் ஏற்றது. குழாயின் கொள்ளளவை மறு ஆய்வு செய்து ஆறு மாதத்துக்குள் அறிக்கை தர விமான நிலையத்துக்கு உத்தரவிட்டது.

தீர்ப்பின் நகலை மகள் வாசித்துக் காட்டினாள். அவர் அந்த ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணினார். நடுவில் மழைக்காலம் முழுவதும் இருந்தது. அடுத்த நாள் கடையில் கறுப்பு, வெள்ளைப் பெயிண்டு வாங்கி வந்து, தம் வீட்டு வாசல் நிலையில் தரையிலிருந்து கோடுகள் தீட்டினார். புது நோட்டு ஒன்றில் நான்கு கட்டங்கள் கிழித்தார்: தேதி, நேரம், நேரில் பார்த்தது, அளவு.

அக்டோபர் 16 மதியம் தொடங்கிய மழை மறுநாள் காலையிலும் விடவில்லை. குழாயின் வாயில் நுழைய முடியாத நீர் தெருவுக்கு ஏறியது. தாயும் மகளும் தையல் இயந்திரத்தைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தனர். தகரப் பெட்டி அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. சீருடைத் துணிகள் கொடிக்கயிற்றில் ஏறின. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது, காத்திருந்தார்.

நேரமானதும் குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டு, எழுத இடம் தேடி உள்ளே மேஜைப் பக்கம் திரும்பினார்.

“மேஜையில வேண்டாங்க. சுவத்துல வச்சு எழுதுங்க” என்றார் மனைவி கட்டில்மேலிருந்து.

அவர் நோட்டை வாசல் சுவரின் பூசாத சிமெண்டில் அழுத்திப் பிடித்து எழுதினார்.

17 அக்டோபர் 2024. காலை 8.00. நேரில் பார்த்தது: ஆம். 0.41 மீட்டர்.