உப்புப் பூத்த சுவர்

கேமரூன் கடற்கரையில் இருக்கும் எங்கள் லிம்பேயில் ஜூனில் மழை பிடித்தால் அக்டோபரில்தான் விடும். அந்த மாதங்களில் எல்லோர் வீட்டுச் சுவரும் நனைந்து கிடக்கும், டிசம்பர் வெயிலில் காய்ந்துவிடும். எஃபெத்தி வீட்டுச் சுவர் மட்டும் காயவே காயாது.

அவள் புருஷன் லியோங்கா மீன் சந்தைக்கு ஐஸ் லாரி ஓட்டுகிறவன். சொந்த வீடு கட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஆற்று மணல் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. கடற்கரை மணலை அள்ளி வந்து சிமென்ட் கல் வார்த்தான். எஃபெத்தியும் கூடை கூடையாகத் தலையில் சுமந்தாள். யாராவது முகம் சுளித்தால், "நல்லா அலசியாச்சு. இனிமே எங்கேருந்து உப்பு வரும்?" என்பான். குடிபோன அன்று சேப்பங்கிழங்கைத் துருவி இலையில் பொதிந்து க்வாகோகோ அவித்து, பனையெண்ணெய் மிதக்கும் குழம்போடு தெருவுக்கே போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

முதல் மழைக்கே சுவரின் அடியில் உப்புப் பூத்தது. தொட்டால் மாவாக உதிர்ந்தது. அடுத்த மழைக்குப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்தது. அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. படுக்கை, துணி, மகள் எனாங்காவின் பள்ளிப் புத்தகம் எல்லாவற்றிலும் மக்கிய வாடை ஏறியது. எஃபெத்தி பிளீச்சிங் போட்டுத் தேய்த்தாள். மூலைக்கு மூலை கரிச்சட்டி வைத்தாள். கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டாள்.

சந்தையில் பெண்கள் சும்மா விடுவார்களா?

"என்ன எஃபெத்தி, வீட்டுக்குள்ள காளான் போட்டிருக்கியாமே?"

"ஆமா, நல்லா வெளைஞ்சிருக்கு. சூப் வச்சுத் தரேன், வந்து குடிச்சுட்டுப் போ" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். வீடு வரும் வழியில் அந்தச் சிரிப்பு இருக்காது.

லியோங்கா முதலில் கூரையைக் குற்றம் சொன்னான், பிறகு சாக்கடையை. கடைசியில், "நீ வீட்டுக்குள்ள துணி காயப்போடுற, அதான்" என்று அவள் மேலேயே போட்டான். மறுபடி சிமென்ட் பூசினான். அது வெடித்ததும் நெஞ்சு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினான். ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளியே வந்தது.

எனாங்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. "மருந்து தரேன்மா. ஆனா அந்த அறையிலயே படுக்க வச்சா மருந்து வேலை செய்யாது" என்றாள் நர்ஸ்.

அன்று அவர்கள் போட்ட சண்டை என் வீடு வரை கேட்டது.

"எனாங்கா அப்பா, வாடகைக்காவது எங்கயாச்சும் போயிடலாம்."

"என் கையால கட்டின வீட்டை விட்டுட்டு அடுத்தவன் கூரைக்குக் கீழ போய்ப் படுக்கச் சொல்றியா?"

"புள்ள மூச்சு நின்னு போனா இந்த வீட்டை வச்சு என்ன பண்ணுவீங்க?"

அதற்குக் கடப்பாரை இடிக்கும் சத்தம்தான் வந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். டைல்ஸை எல்லாம் பெயர்த்துப் போட்டிருந்தான். உள்ளே இருந்த கல் ஊறிய ரொட்டி போல விரலில் பிய்ந்து வந்தது. அதைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நல்லாத்தான் அலசினேன் எஃபெத்தி" என்றான். "நீயும் பார்த்தேல்ல?"

"பார்த்தேன்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

மகளை பஃபூசாமில் இருக்கும் தங்கை நமொந்தோவிடம் கொண்டுபோய் விட்டாள். அது மேட்டு நிலம், குளிர்ந்தாலும் காய்ந்த காற்று. நமொந்தோ, "அக்கா, நீயும் இங்கயே இருந்துடு" என்று கெஞ்சினாள். லியோங்காவைத் தனியே விட மனம் வராமல் எஃபெத்தி திரும்பி வந்தாள். அவன் அதன் பிறகு சுவரைத் தொடவில்லை. பெயர்த்த இடம் அப்படியே கிடந்தது.

போன ஈஸ்டருக்கு மகளைப் பார்க்கப் போனாள். புது ரவிக்கையும் லுங்கியும் துவைத்து, அடுப்பு அனலில் காயவைத்து, என் வீட்டில் வைத்திருந்து உடுத்திக்கொண்டு போனாள். பதினைந்து நாள் இருந்து வருகிறேன் என்றவள் மூன்றாம் நாளே வந்து நின்றாள்.

"என்னடி, அதுக்குள்ள?"

"ஓடி வந்து கட்டிக்கிட்டா. நல்லா வளந்துட்டா. அப்புறம் மெல்ல எழுந்து போய் ஜன்னலைத் திறந்தா. என் பையைத் தூக்கி வெளிய வச்சா. மூச்சு இழுக்குதாம்மான்னு கேட்டேன். இல்லம்மா, சும்மா காத்துக்குன்னா. ஆனா ராத்திரியெல்லாம் இழுத்துக்கிட்டே இருந்தா. நான் என்ன பண்றது சொல்லு? அந்த வாடை என் தலைமுடியிலகூட இருக்கு போல."

அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடமிருந்து போன் வரும். எஃபெத்தி தெருவுக்கு வந்து நின்றுதான் எடுக்கிறாள். வீட்டுக்குள் இருந்து பேசினால் அவளுக்கும் இப்போதெல்லாம் இருமல் வருகிறது. அது மகள் காதில் விழக் கூடாதாம்.