எழுதாமல் விட்ட சூளைச் சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சுடாத பச்சைக் கட்டையின் ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் வழித்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். யாரோடும் அதிகம் பேசமாட்டேன். மேஸ்திரி வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன்.

என் மகள் அப்போது எம்.சி.ஏ. கடைசி வருடம். கட்டைகள் எப்போது அதிகம் விரிசல் விடுகின்றன என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் அவள் ப்ராஜெக்ட். முதலாளியிடம் கேட்டு, பல வருடத்துச் சூளைச் சீட்டுகளைச் சாக்கில் கட்டி வந்தாள். ஒவ்வொரு முறை சூளை வைக்கும்போதும் ஒரு சீட்டு. எவ்வளவு சூடு, கதவு எப்போது திறந்தது, எத்தனை உடைந்தது, எல்லாம் அதில் இருக்கும். நியூரல் நெட்வொர்க் என்றாள். நாம் அதற்கு எதையும் சொல்லித் தருவதில்லையாம். சீட்டைக் காட்டினால் எவ்வளவு உடையும் என்று ஊகிக்கும். தப்பினால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொண்டு மறுபடி ஊகிக்கும். பார்க்கப் பார்க்க, நம் கண்ணுக்குப் படாதது அதற்குப் பிடிபடுமாம்.

ஆனால் நிறையச் சீட்டுகளில் சூடும் நேரமும் எழுதாமல் காலியாகக் கிடந்தன. முதலாளி அதைப் பார்த்துவிடுவாரே என்று மேஸ்திரிக்கு உறுத்தல். எல்லோரும் இருக்கும்போதே என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா, சூளகிட்டயேதான ஒக்காந்திருக்கற? குத்துமதிப்பா நம்பர் சொல்லி ஒம் பொண்ண ரொப்பச் சொல்லு. இல்லன்னா சீட்டெல்லாம் நாளைக்கே திரும்பி வந்துரணும்.”

சீட்டு போனால் அவள் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் போட்டேன்.

“பாக்காதத பாத்தேன்னு எப்டிங்க சொல்றது? சொல்ல மாட்டேன்.”

“அட, ஒனக்குப் பேசக்கூட வருமா?” என்றார். பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். மறுநாளே என்னை மண் கூடை தூக்க அனுப்பினார். தூக்கினேன்.

வீட்டில் சொன்னபோது மகள் அலட்டிக்கொள்ளவில்லை. “குடுத்துடும்மா. முக்கால்வாசி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், அது போதும். காலியா இருக்கறது காலியாவே இருக்கட்டும்.”

கல்லூரியில் அவளுடைய சாரும், காலி இடத்தில் சராசரியைப் போட்டு நிரப்பு என்றாராம். இவளும் மாட்டேன் என்றிருக்கிறாள். அதற்குப் பதில், காலி இடம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எழுதவில்லை’ என்று ஓர் அடையாளம் சேர்த்துக் காட்டினாள்.

அந்த அடையாளத்தைத்தான் மெஷின் பிடித்துக்கொண்டது. எழுதாத சூளைகளில்தான் உடைசல் அதிகம் என்றது. ஏன் என்று அதற்குத் தெரியாது. லாரி வாசலில் வந்து நின்றுவிட்டால், சூளை ஆறுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்குச் சீட்டில் சூடும் நேரமும் எழுதமாட்டார்கள். இந்தப் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தெந்தச் சூளை என்பதுதான் யாருக்கும் தெரியாது. நான் நம்பர் சொல்லியிருந்தால் எல்லாச் சீட்டும் ஒன்றுபோல ஆகியிருக்கும்.

மகள் இதை முதலாளியிடம் காட்டியபோது, மெஷின் பொய் சொல்கிறது என்றார் மேஸ்திரி. முதலாளி சீட்டுகளைத் தன் அறைக்கு எடுத்துப் போனார். கொஞ்ச நாள் கழித்து மேஸ்திரி ஆள் விட்டார்: இனி எதிர்த்துப் பேசமாட்டேன் என்று சொன்னால் மேசைக்கே வந்துவிடலாமாம். நான் சொல்லவில்லை. அங்கே இருந்தவரை கூடைதான் தூக்கினேன்.

கம்ப்யூட்டர் விஷயத்தை நான் தப்பாக எழுதியிருக்கலாம். வருடமும் சரியாக ஞாபகமில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். தெரியாத இடம் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். குத்துமதிப்பாக எதையும் எழுத வேண்டாம்.