பின்னால் போய்த் தலையைத் தடவச் சொன்னேன்

நான்தான் அவனைக் கடிக்க வைத்தேன். முருகேசன் தன் அண்ணனின் காதைக் கடித்துக் குதறியது நோயால் அல்ல, வெறியால் அல்ல... என் ஒரு வாக்கியத்தால்!

கேட்டுக்கொள். கொல்லங்கோட்டுக்கு வெளியே மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு பராமரிப்பு மையத்தில் வேலை செய்கிறவள் நான். பேச்சு வராத, கோபம் வந்தால் அடிக்கிற, கடிக்கிற பெரியவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் தண்டிப்பதில்லை. அடி கிடையாது, கட்டு கிடையாது, சோற்றை மறுப்பது கிடையாது. எதைக் கண்டு மிரள்கிறார்கள் என்று பொறுமையாகக் கவனித்து, அதை அவர்கள் வழியிலிருந்து விலக்குவோம்.

முருகேசனுக்கு முப்பது வயதிருக்கும். பின்னாலிருந்து யாராவது தலையைத் தொட்டால் போதும்... அப்புறம் அவன் அவனாக இருக்க மாட்டான். அதனால் அவன் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவோம். அதில் அவன் விரல் வைத்தால் நெருங்குவோம், வைக்காவிட்டால் திரும்பிவிடுவோம். இந்தப் பழக்கம் படிந்த பிறகு அவன் யாரையும் அடிக்கவில்லை. மாங்காய்க் கூடைகளுக்கு வைக்கோல் பரப்பினான், சிரித்தான்!

அந்த மிரட்சியை அவனுக்குள் விதைத்தது யார் தெரியுமா? அண்ணன் பழனிச்சாமி. பின்னால் வந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போய், மாட்டுக் கட்டுத்தரையில் தூணோடு கட்டிவைப்பானாம். மையத்தில் சேர்க்க வந்த அன்று தம்பியின் மணிக்கட்டுத் தழும்புகளை நான் பார்ப்பதைக் கண்டு, அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லிச் சிரித்தான். அண்ணன்காரனே சொல்லிச் சிரித்தான்! இருடா, உனக்கு ஒரு நாள் இருக்கிறது என்று அன்றே மனதுக்குள் கறுவினேன்.

அந்த நாளும் வந்தது. தம்பியை வீட்டுக்கு அழைத்துப்போய் நல்லபடி வைத்துக்கொள்ள வேண்டுமாம், எப்படிப் பழகுவது என்று கேட்க வந்திருந்தான். கையில் தம்பிக்கு ஒரு புதுச் சட்டை. முருகேசன் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

உள்ளங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பின்னால போயி தலைய நீவி உடுங்க. அவனுக்குப் புடிக்குமுங்க" என்றேன்.

என் குரல் நடுங்கவே இல்லை!

அப்படியே நீவப் போய்க் கடிபட்ட பழனிச்சாமியின் அலறலைக் கேட்டபோது எனக்குள் எழுந்தது என்ன? பயமா? இரக்கமா? இல்லை... இனித்தது! வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள் என்று மனம் குதித்தது. விலக்கிவிடப் போனபோதும் மெதுவாகத்தான் நடந்தேன்.

கையில் தடியெடுக்காதவள் என்று இத்தனை காலம் பெருமை பேசினேனே... முருகேசனையே தடியாக எடுத்தவள் அல்லவா நான்!

கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்துவிட்டீர்கள் என்று மையத்தில் கத்திவிட்டு, தம்பியின் ரக்ஷகர்த்தா, அதாவது பாதுகாவலர், என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, பழனிச்சாமி அன்றைக்கே அவனை அழைத்துப்போய்விட்டான். காதில் ரத்தம் ஒழுக நிற்பவனிடம் யாரும் மறுத்துப் பேசவில்லை.

போன வாரம் பார்க்கப் போனேன். அதே கட்டுத்தரை, அதே தூண். என்னைக் கண்டதும் முருகேசன் கட்டிய கையிலிருந்து ஒரு விரலை நீட்டினான்... என் உள்ளங்கையைத் தேடி. என்னால் கையை விரிக்க முடியவில்லை.

பழனிச்சாமி காப்பி கொடுத்தான். அவன் காதின் கீழ்ப்பாதி இல்லை.

"நீங்க சொன்ன மாதிரித்தானுங்க டீச்சர் நீவுனேன். அப்பவும் கடிச்சுப்போட்டான். இனி எப்படீங்க அவுத்து உடறது?" என்று கேட்டான்.

பதில் என்னிடம் இருந்தது. தப்பு உன் தம்பிமேல் இல்லை, பொய் சொன்னவள் நான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டை அவிழ்த்துவிடுவான். ஆனால் அதற்கு நான் அவன் முன்னால் தலை குனிய வேண்டும். அந்த அரைக் காதைப் பார்த்தேன்... இன்னும் இனித்தது! இவனிடமா மன்னிப்புக் கேட்பது? காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டு என்ன பயன்? இந்த நேரத்திலும் முருகேசன் அந்தத் தூணோடுதான் இருக்கிறான்.