ஸ்டெல்லா அக்காவின் முடிச்சு

பெங்களூரில் வைட்ஃபீல்டு போகும் ஆபீஸ் பஸ்ஸில், நான் விடாமல் பார்க்கும் சூப்பர்ஹீரோ தொடரின் ரசிகர் குழுவைத் திறந்தேன். நேற்று நாயகி தன் கட்டைத் தானே அறுத்துக்கொண்டு வில்லனை அடித்து வீழ்த்தினாள். அதற்குத்தான் அத்தனை வசவு. "ரொம்பத்தான் ஆடுறா" என்கிறார்கள்.

எனக்குச் சின்ன வயதின் லிங்கராஜபுரத்து ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. சர்ச் முடிந்து, டிவியில் சூப்பர்ஹீரோ பார்த்துவிட்டு, கறிக்குழம்பு மணக்கும் தெருவில் அதையே விளையாடுவோம். பையன்கள் பறப்பார்கள். திருடன் கடத்திய நாயகியாகப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கரண்ட் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்க, துணி காயப்போடும் கயிற்றால் அவள் மணிக்கட்டுகளைக் கட்டுவார்கள். ஒருநாள் அவள் முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்து, ஓடிப்போய்த் திருடனைப் பிடித்துவிட்டாள்.

"கதையே கெட்டுப்போச்சு அங்கிள்!" என்று பையன்கள் கத்தினார்கள். அவள் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ நேரம் டாடி நிக்கிறது? கை வலிக்குது."

"பொம்பளப் புள்ள, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அவரே மறுபடி இறுக்கிக் கட்டினார்.

பஸ் குலுங்கி நின்றது. நிறைய லைக் வாங்கிய கருத்து ஒன்று மேலே வந்தது: "அவளே கட்ட அவுத்துக்கிட்டா ஹீரோ எதுக்கு? கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

எழுதியவரின் படத்தைப் பெரிதாக்கினேன். ஸ்டெல்லா அக்கா.